களிமண் என்னும் கஞ்சன்

கேள்வி: பழவேற்காடு முகத்துவார மணலிலும் ஏரியின் உட்புறச் சேற்றிலும் ஒரே அளவு காட்மியம் கலந்தால், எந்தப் புழுவுக்கு ஆபத்து அதிகம்?
— ஒரு வாசகர், பொன்னேரி

பதில்: மணல் புழுவுக்குத்தான்! களிமண்ணும் மக்கும் மகா கஞ்சர்கள். கைக்கு வந்த உலோகத்தை லேசில் விடமாட்டார்கள். மணல் அப்படியில்லை, அவர்களைவிட அதிகப் பங்கைத் துகள்களுக்கு இடையிலுள்ள நீரிலேயே விட்டுவிடும். புழு அந்த நீரில்தான் ஊறிக் கிடக்கிறது. காற்றுப் புகாத கறுப்புச் சேற்றில் சல்பைடும் சேர்ந்து காட்மியத்தைக் கரையாதபடி பிடித்துக்கொள்ளும். ஏரியின் உப்பும் அதன் வீரியத்தைக் குறைக்கும். மழைக்காலத்தில் நன்னீர் பெருகினால் அந்த உதவி குறையும்.

1984இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு (ஓஇசிடி) வகுத்த மண்புழு நச்சுச் சோதனையில் 70 சதவீதம் மணல், 20 சதவீதம் கயோலின் களிமண், 10 சதவீதம் பாசி மக்கு என்று மண்ணையே அளந்து கலக்கச் சொன்னது இதனால்தான். மண் மாறினால் முடிவும் மாறும்.

அதற்காகச் சேற்றை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. தூர்வாரும்போது காற்றுப் பட்டால் சல்பைடு சிதைந்து, பிடிபட்ட உலோகம் நீரில் இறங்கும். உலோகம் வந்து சேர வழியும் உண்டு: அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த எண்ணூர்க் கழிமுகத்தைப் பக்கிங்காம் கால்வாய் பழவேற்காட்டோடு இணைக்கிறது. புழுவை இறால் தின்னும், இறாலை நாம் தின்கிறோம். சேற்றில் மொத்த உலோகம் எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் போதாது. அதன் இடைநீரில் எவ்வளவு என்றும் அளந்த பிறகே அள்ள வேண்டும்.