நடையிலக்கு இயல்: குறிஞ்சாக்கேணித் தேத்தண்ணிக் கடையை முன்னிறுத்தி ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

கிளினிக் கொப்பியோடு டொக்டர் முன் உட்காருபவருக்கு மாதாமாதம் கிடைக்கும் மருந்துகளில் ஒன்றை மட்டும் எந்தப் பாமசியிலும் எடுக்க முடியாது. ‘கொஞ்சம் நடக்கப் பாருங்க’ என்பதே அது. சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல் மூன்றுக்கும் பொதுவான இம்மருந்து, வேளைக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற விவரம் எதுவுமின்றி வழங்கப்படுகிறது. ஆகவேதான் அது பாவிக்கப்படாமலே காலாவதியாகிறது என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

களம்: திருகோணமலை மாவட்டம், கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணி. காலம்: சுபஹுத் தொழுகை முடிந்து வெயில் ஏறும் வரை. முறை: தேத்தண்ணிக் கடை வாங்கில் அமர்ந்து பார்த்தல். ஆய்வாளர் நடந்தால் ஆய்வின் நடுநிலை கெடும் என்பதால் அவர் நடக்கவில்லை.

2. முன்னோர் முடிபு

‘இயன்றதைச் செய்’ என்பதைவிடத் திட்டமான, சற்றுக் கடினமான இலக்கே மனிதரை உழைக்க வைக்கும் என்று எட்வின் லொக் 1968இல் எழுதினார். கேரி லாதம் இதை அமெரிக்காவின் ஒக்லகோமாவில் மரமேற்றும் லொறிகளில் வைத்துப் பார்த்தார். சட்டம் அனுமதித்த நிறையில் 60 வீதமளவே ஏற்றிவந்த சாரதிகளுக்கு 94 வீதம் என்ற இலக்கைக் கொடுத்ததும், ஏற்றும் நிறை 90 வீதத்தை எட்டியது. சம்பளம் கூட்டப்படவில்லை. மரத்துக்கு ஒத்துவந்த இது மனித வயிற்றுக்கும் ஒத்துவருமா என்பதே நம் வினா.

3. நடப்போர் பாகுபாடு

குறிஞ்சாக்கேணியில் நடப்போர் நால்வகையர்: நிறையர், நாளர், எண்ணர், இடத்தர்.

நிறையர்: ‘மகள் கலியாணத்துக்கு முன்னம் பத்துக் கிலோ’ என்போர். இலக்குத் திட்டமானதே; அது முடியும் இடம்தான் பிழை. கலியாண வீட்டில் சஹன் என்னும் பெருந்தட்டைச் சுற்றிப் பலர் அமர்ந்தபின் யார் எவ்வளவு உண்டார் என்று பிரித்தறிய எந்த விஞ்ஞானத்துக்கும் வழியில்லை. கூட்டுப் பொறுப்பில் தனிமனித நிறை மறைந்துவிடுகிறது.

நாளர்: நல்ல நாள் பார்த்துத் தொடங்குவோர். வாரம், மாதம், ஆண்டு பிறக்கும்போது உடற்பயிற்சிக்கூடம் போவோர் கூடுவதை 2014இல் டாய், மில்க்மன், ரீஸ் என்னும் மூவர் காட்டினர். அவர்கள் இங்கு வந்திருந்தால் தலைசுற்றிப் போயிருப்பர். ஜனவரி 1 தவறினால் சித்திரை. சித்திரையும் தவறினால் முஹர்ரம். நோன்பு வந்தால் ‘பெருநாள் கழியட்டும்’. போதாக்குறைக்கு, 32 ஆங்கில ஆண்டுக்குள் ஏறத்தாழ 33 ஹிஜ்ரி ஆண்டுகள் அடங்குவதால் நாளருக்கு ஒரு தொடக்கம் இலாபம். தொடர்ச்சிதான் நட்டம்.

எண்ணர்: பத்தாயிரம் காலடி என்போர். இந்த எண் எந்த ஆய்வுகூடத்திலும் பிறக்கவில்லை. 1965இல் யப்பானில் காலடி எண்ணும் கருவி விற்ற கம்பனியொன்று பரப்பியது. 2019இல் வயதான பெண்களை ஆராய்ந்த ஐ-மின் லீ குழுவினர், நடையின் பயன் 7,500 காலடி அளவுக்கு மேல் கூடாமல் நின்றுவிடுவதைக் கண்டனர். எண்ணர் இதைக் கேட்பதில்லை. கணக்குக் குறைந்தால் இருந்த இடத்திலேயே போனை ஆட்டி நிரப்புவர்.

இவ்வெண்ணை ஊர் அளவையாக மாற்றுவோம். குறிஞ்சாக்கேணிப் பாலத்தை அளவுகோலாகக் கொள்ள மனம் வரவில்லை. 2021 நவம்பர் 23இல் அங்கே பாலத்துக்குப் பதிலாக ஓடிய பாதை (மிதவைப் படகு) கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊரிது. எனவே 2009இல் திறந்த கிண்ணியாப் பாலத்தை எடுக்கிறோம். நீளம் 396 மீற்றர். காலடி 70 சென்ரிமீற்றர் எனின், போய்வர ஏறத்தாழ 1,130 காலடி. பத்தாயிரத்துக்கு ஒன்பது தரம் போய்வர வேண்டும். அதற்குள் எதிர்ப்படும் உறவினர் அத்தனை பேருக்கும் ‘என்ன, வீட்டில ஏதும் பிரச்சினையா?’ என்ற கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும்.

இடத்தர்: மணி, இடம், ஆள் மூன்றையும் முடிவு செய்துவைத்தவர். 2002இல் மில்ன், ஓர்பெல், ஷீரன் செய்த சோதனையில், எங்கே எப்போது என்று எழுதிவைத்தவர்களில் 91 வீதமானோர் உடற்பயிற்சி செய்தனர். எழுதாதவர்களில் 38 வீதமானோரே. இங்கு எழுதும் வழக்கம் இல்லை. அதன் வேலையை வாங்கில் இருப்பவர் செய்கிறார்:

‘என்ன காக்கா, நேத்து காணல்ல?’

‘கால் நோவு தம்பி.’

‘கந்தூரிச் சோத்துக்குப் போகக்குள்ள நோகல்லயாம்?’

அடுத்த நாள் காக்கா எல்லாருக்கும் முதல் கடைக்கு நடந்து வந்திருந்தார். சப்பாத்தும் புதிது.

4. தடையும் விடையும்

‘அற்றேல், அவர் நடைக்கு வந்தாரா, தேத்தண்ணிக்கு வந்தாரா?’ எனின், தேத்தண்ணிக்கே என்க. கரண்டி சீனி 4 கிராம். மூன்று கரண்டிக்கு 48 கலோரி. கிண்ணியாப் பாலத்தில் ஒருதரம் போய்வரும் எழுபது கிலோக்காரர் செலவழிப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆக, ஒரு பாலம் ஒரு பிளேன்டீக்குச் சமன். ரோல்ஸ் கடித்தால் பாலம் போதாது.

ஆனால் அந்தப் பிளேன்டீ இல்லையேல் நடையே இல்லை. இலக்கு என்பது கால் போய்ச் சேரும் இடம். எண்ணும் நிறையும் அங்கே போய்ச் சேர்ந்தபின் பேசும் பேச்சு.

5. பரிந்துரை

முதலாவது, டொக்டர்மாருக்கு: வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் குறைந்தபட்ச அளவு. அதைக் கொப்பியில் ‘30 நிமிடம், கிழமைக்கு ஐந்து நாள், காலை ஆறு மணி, இன்ன சந்தி, இன்னாரோடு’ என்று மருந்தைப் போலவே எழுதுக.

இரண்டாவது, கடைக்காரருக்கு: சீனியைப் புறம்பாக வைக்கவும். தானே அள்ளிப் போடுகிறவர் ஊர் பார்க்க மூன்றாம் கரண்டிக்குத் தயங்குவார்.

மூன்றாவது, கடையைத் தூரமாக்குவது பற்றி: ஒரு சந்தியாருக்குத் தூரமாக்கினால் மறு சந்தியாருக்குக் கிட்டவாகும். எனவே கடைகள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். சந்தியார்கள் மாற்றிக் குடிக்கட்டும்.

விதிவிலக்கு: கடன் கொப்பியில் பெயர் உள்ளவர்கள். அக்கடையின் கண்ணில் படாமல் அவர்கள் தினமும் சுற்றிப் போகும் தூரம், மேற்கண்ட இலக்குகள் அனைத்தையும் எப்போதோ தாண்டிவிட்டது.