கொசுறியல்: மனிதப் பிரியத்தை அளக்கும் முறை பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஒருவர் மற்றவர்களுக்கு எந்த அளவுக்குப் பிடித்தமானவராக இருக்கிறார் என்பதை அறிய உளவியலாளர்கள் வினாத்தாள்களையும் மதிப்பெண் பட்டியல்களையும் நெடுங்காலமாகப் பயன்படுத்திவருகின்றனர் எனினும், அவற்றைக் காட்டிலும் துல்லியமான, செலவே இல்லாத அளவுகோல் ஒன்று தமிழகத்துக் காய்கறிக் கடைகளில் அன்றாடப் புழக்கத்தில் உள்ளது. கொசுறு என்பதே அது. எடை போட்டு, கணக்குக் கூட்டி, காசும் கைமாறிய பிறகு விலையின்றிப் பையில் விழும் கறிவேப்பிலை, கொத்தமல்லி, இரண்டு பச்சைமிளகாய், சுண்டுவிரல் அளவு இஞ்சி ஆகியவற்றை இக்கட்டுரை அப்பெயரால் குறிக்கிறது. இவற்றுள் தலையாயது கறிவேப்பிலை. தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்த பதினெட்டாம் நூற்றாண்டுத் தாவரவியலர் கோனிக்கின் பெயரைத் தன் அறிவியல் பெயரில் ஏற்று உலகெங்கும் சென்ற இலைக்கு, அதன் சொந்த ஊரில் பெரும்பாலும் விலையே சொல்லப்படுவதில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

கொசுறு இருவகைப்படும். “கறிவேப்பிலை போடலையா?” என்று வாய்விட்டுக் கேட்டபின் கிடைப்பது இரந்த கொசுறு; கேட்பதற்கு முன்பே, பெரும்பாலும் கடைக்காரர் வேறொருவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர் கை தானாக நீண்டு அள்ளிப் போடுவது பிரியக் கொசுறு. முன்னது ஓரிரு ஈர்க்குகளைத் தாண்டுவதில்லை; அதற்கும் முகச்சுளிப்பு ஒன்று வரியாகச் சேரும். பின்னதற்கு மேல்வரம்பு கிடையாது. ஆய்வுக்குத் தகுதியுடையது பின்னது மட்டுமே. முன்னது ஒருவரின் குரல்வளத்தை அளக்க உதவலாம்.

இவ்விடத்தில் சட்டத்தையும் நோக்குதல் வேண்டும். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம், விற்பவர் எடையைக் குறைத்துத் தருவதைப் போலவே, வாங்குபவர் பேசிய அளவுக்கு மேல் மோசடியாகப் பெறுவதையும் குற்றமாகக் கொள்கிறது. கொசுறு பேசிய அளவுக்கு மேற்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் பிடித்தமானவராக இருப்பது மோசடி ஆகாது என்பதால், அது சட்டத்தின் பிடியிலிருந்து நூலிழையில் தப்பிவிடுகிறது. அதற்காகவே திட்டமிட்டுப் புன்னகைப்பவர்களின் நிலை அத்தனை உறுதியானதன்று.

கொசுறியலுக்கு மிகச் சிறந்த ஆய்வுக்கூடம் உழவர் சந்தையாகும். 1999ஆம் ஆண்டு மதுரையில் முதலில் திறக்கப்பட்ட இச்சந்தைகளில் அன்றன்றைய விலை பலகையில் எழுதப்பட்டுவிடுவதால் பேரத்துக்கு இடம் குறைவு. மின்னணுத் தராசு இருப்பதால் கைத்திறனுக்கும் இடம் குறைவு. ஆகவே, விற்பவரின் மனம் தன் விருப்பப்படி உலவுவதற்கு எஞ்சியுள்ள ஒரே பரப்பு, பையின் வாய்க்கும் கறிவேப்பிலைக் கட்டுக்கும் இடைப்பட்ட அந்த ஓரடி தூரமே. ஒரே விலைக்கு ஒரே எடைத் தக்காளியை வாங்கும் இருவரில் ஒருவருக்கு ஒரு கொத்தும் மற்றவருக்கு ஒன்றுமில்லாமையும் வாய்க்குமானால், அந்த வேறுபாட்டுக்குப் பொருளியலில் விளக்கம் தேடுவது வீண்.

விளக்கம் நடத்தையில் உள்ளது. முற்றலா பிஞ்சா என்று அறிய ஒவ்வொரு வெண்டைக்காயின் முனையையும் ஒடித்துப் பார்த்துவிட்டு, ஒடித்தவற்றைக் குவியலிலேயே விட்டு, ஒடியாதவற்றைப் பொறுக்கிக்கொண்டு போகிறவருக்குக் கொசுறு விழுந்ததாக வரலாறு இல்லை. காலையில் முதல் போணி ஆவதற்கு முன்பே ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி நாற்பது ரூபாய்க்கு வாங்குகிறவரும் இவ்வகுப்பைச் சேர்ந்தவரே. இதற்கு நேர்மாறாக, “நீங்களே நல்லதாப் பார்த்துப் போடுங்கக்கா” என்று சொல்லிவிட்டுச் சும்மா நிற்பவர் இருக்கிறார். பார்வைக்கு இது சோம்பலே எனினும், அமெரிக்க அரசியலறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் தம் தன்வரலாற்றில் விளக்கியுள்ள உத்தியும் இதுவே. சட்டமன்றத்தில் தம்மை எதிர்த்த உறுப்பினர் ஒருவரிடம் அரிய நூல் ஒன்றை இரவல் கேட்டு வாங்கி, அதன்வழி அவரை நண்பராக்கிக்கொண்டார் பிராங்க்ளின். ஒருவருக்கு உதவி செய்தவரின் மனம் அவரை விரும்பத் தொடங்கிவிடும் என்பது இதன் அடிப்படை. முருங்கைக்காயைத் தேர்ந்து கொடுத்த அக்காவின் மனமும் அவ்வாறே இளகுகிறது. நூலை இரவல் வாங்கினால் திருப்பித் தரவேண்டும் என்ற தொல்லை முருங்கைக்காயில் இல்லை என்பதால், தமிழக முறையே மேம்பட்டது எனலாம்.

ஒரே கடைக்கு வாரந்தோறும் செல்வதன் பயனை உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு தாங்கிப் பிடிக்கிறது. திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது ஒன்றே விருப்பத்தை வளர்க்கப் போதும் என்று அவர் காட்டினார். வெண்டைக்காய் ஒடிப்பவர்களை அவர் சோதனையில் சேர்க்கவில்லை.

அலுவலகத்தில் கறிவேப்பிலை இல்லை, கொசுறு உண்டு. ஒரே விதி, ஒரே படிவம், ஒரே முத்திரை இருக்கும் மேசையில் ஒருவருக்கு “அடுத்த வாரம் பாருங்க” என்பதும், மற்றொருவருக்கு “உட்காருங்க சார், முடிச்சே கொடுத்துடுறேன்” என்பதும் பதிலாகக் கிடைக்கின்றன. இதனை லஞ்சத்தோடு குழப்பிக்கொள்ளலாகாது. லஞ்சத்துக்கு ரேட் உண்டு, கொசுறுக்குக் கிடையாது. உடன் வேலை செய்ய யாரைத் தேர்வீர்கள் என்று ஊழியர்களைக் கேட்டால் திறமைசாலியையே என்பார்கள் என்றும், நடைமுறையில் வேலை சற்றே தெரிந்த இனியவரை நாடி, வேலை நன்கு தெரிந்த சிடுமூஞ்சியைத் தவிர்ப்பார்கள் என்றும் கஸ்சாரோ, லோபோ ஆகிய இரு ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டு ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதினர். எந்த செக்‌ஷனிலும் இரண்டு வருடம் குப்பை கொட்டியவர் இதைச் சொல்லியிருக்கக்கூடும் எனினும், ஹார்வர்டு சொல்வதற்குத் தனி மரியாதை உண்டு.

ஆயினும் இனியவருக்கு ஓர் ஆபத்து காத்திருக்கிறது. கறிவேப்பிலை எல்லாக் குழம்பிலும் சேர்க்கப்படும். இலையில் விழுந்தவுடன் முதலில் ஒதுக்கப்படுவதும் அதுவே. “அவர்கிட்ட சொன்னா முகம் சுளிக்காமச் செய்வார்” என்று பெயரெடுத்தவர் மேசைக்கே ஆடிட் நேரத்துப் பழைய கோப்புகளும் தீபாவளிக்கு முந்தைய நாள் டியூட்டியும் வந்து சேர்கின்றன. எல்லாருக்கும் பிடித்தவராக இருப்பதில் இந்த அளவு சேதாரம் உண்டு என்பதை மறைப்பது ஆய்வு நேர்மை ஆகாது. பிடிக்காதவராக இருந்து பார்த்தவர்களின் கணக்கில் சேதாரம் இதனினும் அதிகம்.

வீட்டு வாசலுக்கே காய்கறி கொண்டுவரும் செயலிகளால் இத்துறைக்கு நேர்ந்துள்ள பாதிப்பும் கவனத்துக்குரியது. கொத்தமல்லிக்குத் தனியே காசு கொடுக்க நேர்ந்ததைக் கண்டு மும்பையில் தாய் ஒருவர் மனம் வெதும்பியதை அவர் மகன் பொதுவெளியில் எழுத, 2024ஆம் ஆண்டு மே மாதம் பிளிங்கிட் நிறுவனம் காய்கறியோடு கொத்தமல்லியை இலவசமாகத் தரத் தொடங்கியது. தாயின் குறை தீர்ந்தது. கொசுறியலுக்கு அது பேரிழப்பு. வெண்டைக்காய் ஒடிப்பவருக்கும் பார்த்துப் போடச் சொல்பவருக்கும் ஒரே அளவுக் கொத்தமல்லி வந்துசேருமானால், அது எவரைப் பற்றியும் எதையும் தெரிவிப்பதில்லை.

இறுதியாக, அறிஞர்களின் தீர்ப்புக்கு விடப்பட வேண்டிய சிக்கல் ஒன்று உள்ளது. வழக்கமாகக் கடைக்கு வரும் மனைவி ஊருக்குப் போயிருக்க, பட்டியலோடு வந்து திகைத்து நிற்கும் கணவரைக் கடைக்கார அம்மாள் உற்றுப் பார்த்து, “நீங்க டீச்சரம்மா வீட்டுக்காரரா? அப்பவே சொல்லக் கூடாதா சாமி!” என்று கூறி, கட்டிய பையை அவிழ்த்து, ஒரு பிடி கறிவேப்பிலையும் அரைக் கட்டு கொத்தமல்லியும் சேர்த்துக் கட்டித் தருவதுண்டு. இக்கொசுறு யாருடைய கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டும் என்பதில் கணவர்கள் ஒரு கருத்தும் மனைவியர் வேறொரு கருத்தும் கொண்டுள்ளனர்.