புகைபோக்கி தெரியாமல் ஒரு படம்

கற்பிட்டிப் பக்கத்தில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட முகம் ஒரு கழுதையுடையது. எந்தக் கழுதை என்று குறிப்பாகச் சொல்ல முடியாது. தெருவில் திரியும் அத்தனையும் அந்தப் பெருமை தனக்கே உரியது என்ற நினைப்பில்தான் நடக்கின்றன. ஒரு காலத்தில் பொதி சுமந்த பரம்பரை. இப்போது வேலையும் இல்லை, பென்ஷனும் இல்லை. நடுரோட்டில் நின்று பஸ்ஸை மறிப்பது ஒன்றுதான் பொழுதுபோக்கு.

சோளகம் ஓய்ந்து, நவம்பரில் கடல் அடங்கியதும் கொழும்பிலிருந்து வேன்கள் வரத் தொடங்கும். அவற்றில் புகைப்படச் சங்கத்து வேனைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். கதவு திறந்ததும் ஆள் இறங்காது, ட்ரைபொட் இறங்கும். பிறகு பத்துப் பன்னிரண்டு பைகள் வைத்த காற்சட்டை. அதற்குள் ஒரு மனிதர். இறங்கியவர் நேரே போய்க் கழுதைக்கு முன்னால் மண்டியிடுவார். வாக்குக் கேட்டு வருகிறவர்கள்கூட எங்கள் ஊரில் இவ்வளவு குனிந்ததில்லை.

கழுதைக்கு அடுத்தபடிதான் மனிதர்கள். அதிலும் வரிசை உண்டு: கரைவலை இழுக்கிறவர், உப்பளத்தில் உப்பு அள்ளுகிறவர், வாடியில் கருவாடு காயப்போடும் அம்மா. நான் கண்ணாடி போட்ட ஆள், தொப்பை வேறு. என்னை யாரும் படமெடுக்க விரும்பியதில்லை. "அண்ணன், கொஞ்சம் விலகுங்க" என்பதுதான் எனக்கும் புகைப்படக் கலைக்கும் இடையிலான நீண்டகால உறவு. விலகி நின்று பார்த்தவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

சங்கம் வைத்துப் படமெடுக்கும் பழக்கம் துரைமார் கொண்டுவந்தது. லண்டனில் 1853இல் ஒரு புகைப்படச் சங்கம் தொடங்கினார்கள். அடுத்த வருடமே பம்பாயில் ஒன்று. பிறகு கல்கத்தா, சென்னை. அன்றைய முறை ஈரத்தட்டு. கண்ணாடித் தட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள் கழுவியும் முடித்துவிட வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே ஓர் இருட்டுக் கூடாரம் வேண்டும், கூடாரத்தைச் சுமக்க ஆள் வேண்டும், ஆளுக்குக் கொடுக்கக் காசு வேண்டும். சுமந்தவர்களை உறுப்பினராக்கும் யோசனை யாருக்கும் வந்திருக்காது.

இதில் எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்காக நான் வருத்தப்படுவதுண்டு. கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கையின் ஊர்களையெல்லாம் ஒவ்வொன்றாக விவரித்துக் கசெற்றியர் எழுதி வெளியிட்டார். டாகேரின் படமெடுக்கும் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். ஐந்து வருடம் பொறுத்திருந்தால் பாதிப் பக்கத்தை மிச்சம் பிடித்திருக்கலாம், பாவம்.

இலங்கைக்கு வந்த படப்பிடிப்பாளர்களில் எனக்குப் பிடித்தவர் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார். நாற்பத்தெட்டு வயதில், மகளும் மருமகனும் கொடுத்த கமராவோடு தொழிலைத் தொடங்கியவர். 1875இல் கணவரோடு இங்கே குடியேறினார். கணவர் யாரென்றால், கோல்புறூக்–கமரன் சீர்திருத்தம் என்று வரலாற்றுப் பாடத்தில் எங்களை வாட்டியெடுத்த அதே கமரன். வரும்போது தங்கள் சவப்பெட்டிகளையும் கையோடு கொண்டுவந்தார்கள் என்பார்கள். இன்றைய சங்கத்தார் வேனிலிருந்து இறக்கும் பெட்டிகளின் நீளத்தைப் பார்த்தால் அந்த வழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை.

1877இல் மரியான் நோர்த் என்ற ஓவியர் களுத்துறையில் இந்த அம்மையாரின் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தார். விருந்தாளியைச் சும்மா விடுவாரா? கம்பளிச் சால்வையைச் சுற்றிவிட்டு, கொண்டையை அவிழ்த்துவிட்டு, உச்சி வெயிலில், தென்னோலை முனைகள் தலையில் குத்தும்படி நிறுத்தி, இயல்பாக இருக்கும்படி சொன்னாராம். வெப்பமானி அப்போது 96 பாகை பரனைற் காட்டியது என்பதை நோர்த் மறக்காமல் எழுதிவைத்தார். அம்மையார் 1879இல் திக்கோயாவில் காலமானார். "இயல்பா இருங்க" மட்டும் சாகவில்லை. அதை உடப்புக் கடற்கரையில் இன்றும் கேட்கலாம்.

உடப்பில் கரைவலை என்றால் சின்னக் காரியமல்ல. வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக வளைத்துவிட்டு வர, இரண்டு பக்கக் கயிற்றையும் இரண்டு கூட்டம் பிடித்து, அம்பாப் பாட்டுக்குக் கால் வைத்துக் கால் வைத்து மணிக்கணக்கில் இழுக்கும். மடி கரையேறினால்தான் அன்றைய விதி தெரியும். இந்த இரண்டு கயிற்றுக்கும் நடுவில்தான் சங்கத்தார் நிற்பார்கள். வெளிச்சம் அங்கேதான் நல்லது என்று சங்கத்தில் முடிவாகியிருக்கிறது. ஒருமுறை ஒருவர், இழுத்து முடித்த பகுதியை மறுபடி இழுக்க முடியுமா என்று கேட்டார். சம்மாட்டி கோபப்படவில்லை. "இழுக்கலாம் தம்பி. மீன்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க" என்றார். அவர் அன்று எடுத்த படத்துக்கு அந்த வருடம் கண்காட்சியில் 'வியர்வையின் விலை' என்று பெயர் வைத்ததாகக் கேள்வி. விலை போட்டிருந்தார்கள், வியர்த்தவருக்கு ஒரு பிரதிகூட வரவில்லை.

கொழும்பில் சங்கம் 1906லேயே தொடங்கிவிட்டது. ஆனால் 1930களில் லயனல் வென்ட் வந்த பிறகுதான் அதற்கு ஒரு மவுசு. சட்டம் படித்தவர், ஆனால் வழக்கைவிடப் பியானோவை நம்பியவர். 1934இல் 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படத்தில் பின்னணியில் ஒலிப்பது அவர் குரல்தான். 1938இல் லண்டனில் அவருடைய படங்களுக்குத் தனிக் கண்காட்சி நடந்தது. மீனவர், தென்னை, கடற்கரை என்று எங்கள் போன்றவர்களை அவரும் எடுத்தார்தான். ஆனால் அந்தப் படங்களில் இருக்கிறவர்களைப் பார்த்தால், விலகச் சொன்னால் விலகமாட்டார்கள் என்று தெரியும். 44 வயதில், 1944இல், போய்விட்டார். இறந்த பிறகு அவருடைய நெகட்டிவ்களை அழித்துவிட்டார்கள். மிஞ்சிய பிரதிகளிலிருந்து 1950இல் புத்தகம் வந்தது, 1953இல் அவர் பெயரில் அரங்கம் திறந்தது.

இன்றைக்கு ஒரு சங்க உறுப்பினர் கண்ணை மூடினால் அவருடைய ஹாட் டிஸ்க்கை அழிக்க யாரும் துணிய மாட்டார்கள். திறந்து பார்க்கவும் துணிய மாட்டார்கள். முக்கால்வாசி வெறும் தண்ணீர்.

எங்கள் கடல் தண்ணீர். கற்பிட்டிக் கடலில் டொல்பின்கள் நூற்றுக்கணக்கில் கூட்டமாகப் போகும். அதிலும் சுழலும் டொல்பின் என்ற சாதி, தண்ணீரை விட்டு எழும்பி அந்தரத்தில் பம்பரமாகச் சுற்றிவிட்டு விழும். எங்கே எழும்பும் என்று முன்கூட்டி அறிவிப்பதில்லை. இடப்பக்கம் என்று எல்லா லென்ஸும் திரும்பும்போது வலப்பக்கம் எழும்பும். வால் நுனி கிடைத்தவர் அன்றைக்கு ராஜா. மற்றவர்களிடம் இருப்பது டொல்பின் சற்று முன்பு இருந்த இடத்தின் படங்கள். இதற்கிடையே போட் ஆட்டத்தில் காலையில் சாப்பிட்ட இடியப்பத்தைக் கடலுக்கே திருப்பிக் கொடுத்த ஒருவர், தலையை நிமிர்த்தி, "அடிவானம் நேரா இருக்கா?" என்று கேட்பார். போட்டோட்டிக்கு இது புரிவதேயில்லை. அவன் அறிந்தவரை அடிவானம் நேராகத்தான் இருக்கிறது. சரிந்து கிடப்பது இவர்தான்.

இந்தச் சங்கங்களின் உறுப்பினர்கள் எந்த ஊரிலிருந்து வந்தாலும் ஒரே ஆட்கள்தான். எப்போதும் அடுத்த லென்ஸை வாங்கினால் சரியாகிவிடும் என்று நம்பும் ஒருவர் இருப்பார். பிலிம் காலத்தில் முப்பத்தாறு படத்தோடு ஒரு திருவிழாவையே முடித்ததைச் சொல்லும் பெரியவர் இருப்பார். அவருடைய பேச்சில் மட்டும் அந்தக் கட்டுப்பாட்டைக் காண முடியாது. நடுவராக இருப்பவர் எடுத்த படத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆடித் தீமிதிப்புக்கு உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலுக்கு வரும்போது இவர்கள் படும் பாட்டைப் பார்க்கவேண்டும். பூக்குழி இறங்குகிறவர்கள் விரதம் இருந்து பக்குவமாக நடக்கிறார்கள். ஓரத்தில் நல்ல இடத்துக்காக முட்டி மோதுகிறவர்களுக்குத்தான் வேர்த்துக் கொட்டுகிறது.

நுரைச்சோலைப் புகைபோக்கிக்கு வருகிறேன். அனல் மின்நிலையம், முந்நூறு மெகாவொற் வீதம் மூன்று அலகு, மொத்தம் 900. முதல் அலகு 2011இல் ஓடத் தொடங்கியது. தென்னந்தோப்புக்கு மேலே அந்தப் புகைபோக்கி எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். கடலுக்குப் போகிறவர்கள் கரையை அடையாளம் பிடிப்பதே அதை வைத்துத்தான். ஆனால் நான் பார்த்த எந்தக் கண்காட்சிப் படத்திலும் அது இல்லை. இரவு ஹோட்டலில் உட்கார்ந்து கணினியில் அதைத் தேய்த்து அழிக்கிறார்கள். அழிக்கிற கணினிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ரசனை இல்லாதவன் ஆகிவிடுவேன். காற்றாலைகளை மட்டும் விட்டுவைக்கிறார்கள். அவை சுற்றுவதால் மன்னிப்பு.

எங்களுக்கும் ஒரு சங்கம் உண்டு. பெயர், யாப்பு, வங்கிக் கணக்கு எதுவும் கிடையாது. ஸ்டூடியோ நானாவின் பின்னறையும் பிளேன்டீயும் உண்டு. உப்பளத்தில் கணக்கு எழுதும் ஒருவர், ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், ஒரு போட்டோட்டியின் மகன், நான். நானா தலைவர் அல்ல, ஆனால் கதிரை அவருடையது. அவருடைய ஸ்டூடியோவில் பழைய திரை ஒன்று இன்னும் தொங்குகிறது: நீர்வீழ்ச்சி, பூந்தோட்டம், ஒரு அன்னம். நடந்தால் ஐந்து நிமிடத்தில் கடல். ஆனாலும் எங்கள் ஊரில் ஒருவரும் கடலுக்கு முன்னால் நின்று கல்யாணப் படம் எடுத்ததில்லை. கடல் தொழில் செய்யும் இடம், அன்னம்தான் அழகு.

கலைப்படம் என்று நானா வாழ்க்கையில் எதையும் எடுத்ததில்லை. காது இரண்டும் தெரியவேண்டும், சிரிக்கக்கூடாது – இவை அவருடைய இலக்கணம். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னார்ப் பக்கத்திலிருந்து வள்ளங்களில் வந்தவர்கள் கற்பிட்டிக் கரையில்தான் இறங்கினார்கள். உடுத்த உடுப்போடு வந்தவர்கள், கல்யாண அல்பம் தூக்க அவகாசம் இல்லாதவர்கள். அடையாள அட்டைக்கு என்று அவர்கள் நானாவிடம் எடுத்த படம்தான் பல குடும்பங்களில் இருக்கிற மிகப் பழைய படம். அந்த நெகட்டிவ்களை நானா பிஸ்கற் டின்களில் போட்டு வைத்திருக்கிறார். கேட்டு வந்தால் தேடிக் கொடுப்பார், காசு வாங்கமாட்டார். மற்ற எதற்கும் வாங்குவார்.

சென்ற பருவத்தில் 'எங்கள் ஊர்' என்ற தலைப்பில் ஸ்டூடியோச் சுவரிலேயே ஒரு கண்காட்சி வைத்தோம். யாரும் யாரிடமும் சொல்லிவைக்கவில்லை; எல்லோரும் ஒரே மாதிரிப் படத்தைத்தான் கொண்டுவந்தார்கள். கிடுகு போட்டு மூடிய உப்புக் குவியலுக்கு முன்னால் வயிறு மண்ணில் படப் படுத்திருக்கும் கொழும்புக்காரர்கள். கருவாட்டு வாடியில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கையால் படமெடுப்பவர். பின்னால் மறைப்பே இல்லாமல் புகைபோக்கி.

டொல்பின் பார்க்க வந்த சங்கத்தார் ஒருவர் மெமரி கார்ட் வாங்க உள்ளே வந்தார். சுவரில் தன் முதுகைக் கண்டுகொண்டார். நெடுநேரம் பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். கடைசியில் திரும்பி, "அடிவானம் கொஞ்சம் சரிஞ்சிருக்கே" என்றார்.

"நிமித்தித் தரலாம்" என்றார் நானா. "பாஸ்போட் சைஸ்ல எட்டுக் கொப்பி எடுத்தீங்கன்னா விலையும் குறையும்."