எஸ்.பி. ரோடு யாத்திரை

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய சிறு பட்டறைகளுக்குத் தெரிந்த இன்டெல் ஜி41 மதர்போர்டு, கோர் 2 டுயோ காலத்துச் சரக்கு. பலகைக்குக் குறையொன்றுமில்லை, விண்டோஸுக்குத்தான் மனசில்லை. 11-இன் 24எச்2 பதிப்பு அதில் பூட்டே ஆகாது. அது கேட்கும் எஸ்எஸ்இ 4.2 கட்டளைகள் கோர் 2 டுயோ சில்லில் கிடையாது. 10-க்கோ 2025 அக்டோபர் 14-இல் ஆதரவு முடிந்தது.

டிரைவர்? டெஸ்க்டாப் பலகைத் தொழிலை விடுவதாக 2013-இல் அறிவித்த இன்டெல், 2019-இல் பழைய டிரைவர்களையும் தளத்திலிருந்து துடைத்தது.

அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரு கணினிச் சந்தையான எஸ்.பி. ரோட்டுக்குப் போனால், கன்னடம் கலந்த தமிழில் ஒரே மருந்து: “புதுசு எடுத்துக்கோங்க சார்.”

அதனால் பட்டறை முதலாளி இணைய வயரைப் பிடுங்கிவிட்டு விண்டோஸ் எக்ஸ்பியிலேயே ஓட்டுகிறார். அந்தப் பலகைக்கு வைரஸுக்கும் டிரைவர் கிடைக்காது என்பது அவர் கணக்கு.