பாணி குடித்த தேசம்

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் எங்கள் கொண்டச்சிக் கரையில் சிப்பியை மலையாகக் குவித்து அழுகவிட்டார்கள். ஈ மொய்க்கும், காலரா வரும், குளிப்பே பாதியில் நிற்கும். செத்தவர்களை இந்த மணலில்தான் புதைத்தார்கள். நிலத்தடி நீருக்காக அன்று எவரும் அழவில்லை. முத்து கிடைத்ததா என்பதுதான் கவலை.

தண்ணீர் மீது பாசம் பொங்கியது 2020இல்: புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்றார்கள். கொரோனாவில் இறந்தவரைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், மார்ச் 30 அன்று நீர்கொழும்பில் ஒரு முஸ்லிமின் ஜனாஸாவை எரித்தார்கள். ஏப்ரல் 11இல் எரிப்பதே சட்டமென்று வர்த்தமானி வந்தது. செய்தி வாசித்தவர்களுக்குக் கிருமியைவிட, அது தொற்றியவரின் தொப்பிதான் பளிச்சென்று தெரிந்தது.

அதே ஆண்டு நவம்பரில் சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாரச்சி மந்திரித்த நீர் முட்டிகளை ஆற்றில் போட்டார். அந்த ஆற்றுநீருக்கு ஒன்றும் ஆகவில்லையாம்! டிசம்பரில் கேகாலைப் பூசாரி ஒருவருக்குக் காளி மருந்து சொன்னாள்: தேன், சாதிக்காய் கலந்த பாணி. கமெராக்கள் ஓடின, சனம் ஆயிரக்கணக்கில் முண்டியடித்தது, அமைச்சரும் குடித்தார். ஜனவரியில் அவருக்கே கொரோனா. காளி சொன்னால் அது நாட்டு வைத்தியம். கபன் சுற்றி அடக்கினால் அது நாட்டுக்கு நஞ்சு. இதற்குப் பெயர் செய்தி.

பாணிக்குக் கூட்டம் அள்ளிய அதே டிசம்பரில், பிறந்து இருபதே நாளான பிள்ளையைப் பெற்றோர் சம்மதமின்றிப் பொரளையில் எரித்தார்கள். அந்தக் கைப்பிடி உடலா களனி கங்கையைக் கெடுத்திருக்கும்? மயான வேலியில் சனங்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். இரவோடிரவாக அதையும் அவிழ்த்துவிட்டார்கள்.

2021 பெப்ரவரியில் இம்ரான் கான் கொழும்பு வந்து திரும்பினார். மறுநாளே, 25ஆம் திகதி, அடக்கலாம் என்று வர்த்தமானி. ஒரு விருந்தாளி வந்துபோனதில் நிலத்தடி நீர் சுத்தமாகிவிட்டது; இப்படியொரு விஞ்ஞானம் உலகில் எங்குண்டு? அடக்க இடம் கேட்டால் முதலில் கைகாட்டியது இரணைதீவை. சொந்த மண்ணுக்காகப் போராடி மீண்ட மீனவச் சனத்தின் தீவு அது. அவர்கள் எதிர்த்து நின்ற பிறகுதான் ஓட்டமாவடியில் இடம் கிடைத்தது.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அதற்குள் 276 முஸ்லிம்களை எரித்தாயிற்று. அந்த நெருப்புக்கு இரவு எட்டு மணிச் செய்தியில் விசிறி பிடித்தவர்களே, அரசு கேட்டுவிட்டது. நீங்கள் எப்போது கேட்கப்போகிறீர்கள்?