கைச்சுற்றின் மகிமை

புது எலெக்ட்ரிக் கிட்டாரோடு வரும், தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பைக் கழற்றி எறிவதே சங்கீத ஞானத்தின் முதல் படி. தொழிற்சாலை எந்திரம் எல்லாக் காயிலிலும் எண்ணி எண்ணி ஒரே அளவாகக் கம்பி சுற்றுகிறதாம். என்ன அநியாயம்!

1950-களின் கடைசியில் அமெரிக்காவின் கலமசூவில், கிப்சன் கிட்டார் தொழிற்சாலையில் இந்தக் கொடுமை இல்லை. அங்கே பொறியாளராக இருந்த சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் வகைப் பிக்கப்பில், காயிலுக்குச் சுமார் 5,000 சுற்று. 'சுமார்'தான் முக்கியம். ஒன்றில் கூடும், ஒன்றில் குறையும். காந்தமும் அன்றைக்குக் கைக்குக் கிடைத்தது. அப்போது அதற்குப் பெயர் கவனக்குறைவு; இப்போது ஆன்மா.

இன்றைய கைவினைஞர் அதே கவனக்குறைவை மிகுந்த கவனத்தோடு செய்கிறார். தலைமுடி கனக் கம்பியை விரலால் பிடித்து, திட்டமிட்டுத் தாறுமாறாகச் சுற்றுகிறார். மாதக்கணக்கில் காத்திருக்கலாம், தப்பில்லை. விலை கிட்டாரையே தாண்டினால் நல்ல சகுனம்.

நானும் மாற்றினேன். எனக்குத் தெரிந்த மூன்று கார்டும் தேனாய் இழைந்தன. கழற்றிய பழசை ஒரு பையனிடம் சொற்ப விலைக்குத் தள்ளிவிட்டேன். மறுநாளே போன்: "அண்ணா, இது கையால சுத்தினதுதானே? என்ன ஒரு இதம்!"

"ஆமாம் தம்பி" என்றேன். இவ்வளவு மலிவாகக் கொடுத்துவிட்டோமே என்று அன்றிரவு தூக்கமே வரவில்லை.