பலகை பாஸ், பிள்ளை அரியர்
பட்டம் வாங்க என்னென்ன பேப்பர் எழுத வேண்டும்? திண்டிவனத்தில் பி.ஏ. படிக்கும் பிள்ளையைக் கேளுங்கள். "சீனியரைக் கேக்கணும்" என்பான். சீனியருக்கு வேறு சிலபஸ்.

ஒரு காலத்தில் இங்கே சென்னைப் பல்கலைக்கழகம். 2002-ல் திருவள்ளுவர் பெயரில் வேலூரில் ஒன்று வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு வந்தவாசி, ஆரணி என்று பஸ் மாறிப் போனார்கள். 2021 பிப்ரவரியில், தேர்தலுக்கு முகூர்த்தம் பார்த்து, ஜெயலலிதா பல்கலைக்கழகம் வந்தது. எங்கே? விழுப்புரம் பழைய தாலுகா ஆபீசில்! பட்டா வாங்கப் போன இடத்திலேயே பட்டமும் வாங்கிக்கொள்ளலாம். ஆட்சி மாறியது. ஆகஸ்ட் 31-ல் சட்டசபை அதைச் சிதம்பரத்து அண்ணாமலையோடு இணைத்தது. ஒருவன் முதல் வருஷம் முடிப்பதற்குள் பல்கலைக்கழகமே டி.சி. வாங்கிவிட்டது. வைத்தவர்களுக்கும் பெயர்தான் குறி, எடுத்தவர்களுக்கும் பெயர்தான் குறி. வேலூர்க் கணக்கில் அரியர் வைத்தவன் எந்த வாசலில் நிற்பான் என்று ஒருவராவது கேட்டாரா?

பெயர்ச் சண்டை ஓய்ந்தால் பாடச் சண்டை. 2022-ல் 'நான் முதல்வன்' என்ற திறன் பயிற்சித் திட்டம். 2023-ல் உயர்கல்வி மன்றத்தின் பொதுப் பாடத்திட்டம். ஆசிரியர் சங்கங்கள் கொதித்தன. கட்டாயமில்லை என்று துணைவேந்தர்களுக்கு ஆளுநர் ரவி கடிதம் எழுதினார். அன்றைய உயர்கல்வி அமைச்சர் பொன்முடியோ விழுப்புரத்திலேயே பேராசிரியராக இருந்தவர். அரியர் என்றால் என்னவென்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கோட்டைக்கும் கிண்டிக்கும் நடந்த குஸ்தியில் மிதிபட்டது கல்லூரி நோட்டீஸ் போர்டு.

அந்தப் போர்டில் ஒரு ஜெராக்ஸ் தொங்கும். ஜெராக்ஸின் ஜெராக்ஸ். தமிழ், ஆங்கிலம், முக்கியப் பாடம், அலைடு வரை கண்ணுக்குத் தெரியும். சுற்றுச்சூழல், வேல்யூ எஜுகேஷன், என்.எஸ்.எஸ். எல்லாம் கறுப்பு மை. கீழே 'எலெக்டிவ்', அதாவது உன் விருப்பம். கௌரவ விரிவுரையாளர் எந்தப் பாடத்துக்குக் கிடைத்தாரோ, அதுதான் தம்பி உன் விருப்பம்.

மூன்று வருஷம் ஓடும். 140 கிரெடிட்டில் இரண்டு உதைக்கும்.

"எந்தப் பேப்பர் சார் குறையுது?"

"அது பழைய சிலபஸ் தம்பி. இப்ப அந்தப் பேப்பரே இல்ல. ஈக்குவலன்ட் பேப்பர் எழுதணும்."

"அது எது சார்?"

"யுனிவர்சிட்டியக் கேளு."

"எந்த யுனிவர்சிட்டிய சார்?"